சதுக்கத்தில் கேட்ட ஆட்டம்

வேலை நிமித்தமாக வியன்னாவுக்கு நான்கு நாள் போயிருந்தேன். கடைசி நாள் பிற்பகல் முழுவதையும் ஒரே சதுக்கத்தில் கழித்தேன். ஹெல்டன்பிளாட்ஸ் என்று அதற்குப் பெயர், வீரர் சதுக்கம் என்று பொருள். பழைய அரண்மனையின் வெளிமுற்றம் அது. எதிரும் புதிருமாக இரண்டு குதிரைவீரர் சிலைகள் நிற்கின்றன. ஆஸ்திரிய இளவரசர் ஆர்ச்டியூக் கார்ல் அமர்ந்திருக்கும் குதிரை முன்னங்கால்களைத் தூக்கியபடி இருக்கிறது. அந்தப் பெரிய வெண்கல வார்ப்பின் கனம் முழுவதும் பின்னங்குளம்புகள் இரண்டில்தான் இறங்குகிறது. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். வேறெங்கும் முட்டுக்கொடுக்கவில்லை.

சுற்றுலாக் கூட்டமொன்று வந்தது. வழிகாட்டிப் பெண், வளைந்து நிற்கும் புதிய அரண்மனைக் கட்டடத்தின் நடுமாடத்தைக் காட்டி, 1938 மார்ச் 15 அன்று ஹிட்லர் அங்கே நின்று ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்துவிட்டதாக அறிவித்ததைச் சொன்னார். எல்லோரும் மாடத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்ததும் அவரிடம் போய், 1932 டிசம்பர் 7 அன்று இதே இடத்தில் கூடிய கூட்டத்தைப் பற்றித் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். அன்று இங்கே ஒலிபெருக்கிகள் வைத்து, லண்டனில் நடந்த கால்பந்து ஆட்டத்தின் நேர்முக வர்ணனையை ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்டார்கள் என்றேன். தேதியைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

அந்தக் கூட்டத்துக்காகத்தான் நான் அந்தச் சதுக்கத்துக்குப் போனேன்.

அப்பாவால் வந்த ஆசை இது. எங்கள் வீட்டு ஜன்னல் திண்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என்று வென்றதை அப்பா அந்தப் பெட்டியில்தான் கேட்டார். வர்ணனை இந்தியில் வந்தது. அப்பாவுக்கு இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது. ஆட்டக்காரர்களின் பெயரும் வர்ணனையாளர் குரலின் ஏற்ற இறக்கமும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. குரல் மேலே ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாராம், இறங்கும்போது விடுவாராம். அந்த ஆட்டத்தை அவர் சொல்லக் கேட்டால் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவர் போலவே இருக்கும். கண்ணால் பார்த்த எத்தனையோ ஆட்டங்களை மறந்துவிட்டார். காதால் கேட்ட அந்த ஒன்றை மட்டும் மறக்கவில்லை.

அதனால், ஊரே ஒரு சதுக்கத்தில் நின்று ஓர் ஆட்டத்தைக் கேட்டது என்று முதன்முதலில் படித்தபோதே, அந்த இடத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

'நட்பு ஆட்டம்' என்ற சொல் இன்று நம்மைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோய்விடும். கோப்பை கிடையாது, புள்ளி கிடையாது, முக்கிய ஆட்டக்காரர்களை இடைவேளையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்றுதான் இப்போது எண்ணுகிறோம். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நிலைமை வேறு. கால்பந்தைப் பெற்ற நாடு என்ற பெருமை இங்கிலாந்துக்கு. ஆனால் 1928இல் அது ஃபிஃபாவிலிருந்து விலகிவிட்டது. அமெச்சூர் ஆட்டக்காரர்கள் வேலைக்குப் போகாத நாட்களுக்கு இழப்பீடு தரலாமா என்பதில் வந்த தகராறு அது. 1930, 1934, 1938 என்று மூன்று உலகக் கோப்பைகளிலும் இங்கிலாந்து ஆடவில்லை. ஆகவே ஐரோப்பியக் கண்டத்தின் அணியொன்று தன் தரத்தை உரசிப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. இங்கிலாந்து அழைக்க வேண்டும், கடல் கடந்து போக வேண்டும், அவர்கள் மண்ணில் ஆட வேண்டும். அதுவரை கண்டத்து அணி எதுவும் அந்த மண்ணில் வென்றதில்லை. 1929 மே மாதம் மாட்ரிட்டில் ஸ்பெயின் 4–3 என்று இங்கிலாந்தை வீழ்த்தியது உண்மை. ஆனால் 1931 டிசம்பரில் அதே ஸ்பெயின் ஹைபரி மைதானத்துக்கு வந்தபோது 7–1 என்று நொறுங்கியது. அன்று கோலில் நின்றவர் உலகமே கொண்டாடிய சமோரா.

ஓராண்டு கழித்து அழைப்பு ஆஸ்திரியாவுக்கு வந்தது.

அந்த ஆஸ்திரிய அணியை 'வுண்டர்டீம்' என்றார்கள், அற்புத அணி. அந்தப் பெயரைத் தேடித்தந்த வெற்றிகள் 1931 மே மாதத்தில் தொடங்கின. மே 11 அன்று நாட்டின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்அன்ஸ்டால்ட் தன் நட்டத்தை வெளியிட்டது. அந்த வங்கி சரிந்ததும் ஐரோப்பா முழுவதும் நிதி நெருக்கடி பரவியது. ஐந்தே நாள் கழித்து, மே 16 அன்று, வியன்னாவின் ஹோஹே வார்ட்டே மைதானத்தில் ஆஸ்திரியா ஸ்காட்லாந்தை 5–0 என்று வென்றது. வந்திருந்த ஸ்காட்லாந்து அணியில் பெரிய கிளப்புகளின் ஆட்டக்காரர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஐந்து கோல் ஐந்து கோல்தான். எட்டு நாள் கழித்து பெர்லினில் ஜெர்மனியை 6–0 என்றும், செப்டம்பரில் வியன்னாவில் அதே ஜெர்மனியை 5–0 என்றும் வென்றார்கள். அடுத்து பாசலில் சுவிட்சர்லாந்தை 8–1. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஹங்கேரியை 8–2. தெருவெல்லாம் வேலையில்லாதவர்கள் நின்ற நகரத்துக்கு, வாரத்தில் ஒருநாள் தலைநிமிர்ந்து நடக்க ஏதோ ஒன்று கிடைத்திருந்தது. நான் மிகைப்படுத்தவில்லை. பேரரசு போய், பணத்தின் மதிப்பு போய், வங்கியும் போன பிறகு, உலகத்தில் யாரையும்விட நன்றாக வியன்னா செய்த காரியம் பந்தைக் கைமாற்றுவதுதான்.

அந்த அணியைக் கட்டியவர் ஹூகோ மைஸ்ல். 1881இல் பொஹீமியாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்தவர், பல மொழிகள் அறிந்தவர், பந்தய நடுவராகவும் இருந்தவர். மத்திய ஐரோப்பிய நாடுகளின் கிளப்புகள் மோதும் மிட்ரோபா கோப்பையை 1927இல் தொடங்கிவைத்ததும் அவர்தான். அவரைப் பற்றி வியன்னாவில் ஒரு கதை சொல்வார்கள். மத்தியாஸ் சிண்டெலாரை அணியில் சேர்க்காமல் நீண்ட காலம் பிடிவாதமாக இருந்தாராம். ரிங் காஃபி ஹவுஸில் உட்கார்ந்திருந்தபோது பத்திரிகையாளர்கள் சூழ்ந்துகொண்டு நச்சரிக்க, பொறுக்க முடியாமல் ஒரு தாளில் பெயர்களை எழுதி, "இதோ, கிறுக்கல்காரர்களாகிய உங்கள் அணி" என்று மேசையில் எறிந்தாராம். அந்தத் தாளில் இருந்த அணிதான் ஸ்காட்லாந்தை வென்றதாம். சொல்லுக்குச் சொல் அப்படியே நடந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கால்பந்து அணியைக் காபிக் கடையில் உட்கார்ந்து விவாதிக்கிற ஊர் அது என்பது மட்டும் நிச்சயம்.

சிண்டெலார் 1903இல் மொராவியாவின் கோஸ்லோவ் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பம் பிழைப்புத் தேடி வியன்னாவின் ஃபாவொரிட்டன் பகுதிக்கு வந்தது, செங்கல் சூளைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி. அப்பா கொத்தனார், முதல் உலகப் போரில் இறந்துபோனார். பையன் பூட்டுத் தொழில் பழகிக்கொண்டே தெருவில் பந்து ஆடினான். இருபது வயதை ஒட்டி முழங்காலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவந்தது. அதற்குப் பிறகு கடைசிவரை அந்தக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் ஆடினார். மெலிந்த உடம்பு. எதிராளியின் உடம்பு தன்மேல் படாதபடி வழுக்கிக்கொண்டு போவார். 'காகித மனிதன்' என்று ஊர் பெயர் வைத்தது. அந்தப் பெயரின் பொருள் அவருடைய முழங்கால் கட்டைப் படத்தில் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இடித்து ஆடினால் அந்தக் கால் தாங்காது. அதனால் இடி விழாத இடத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து ஆடக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இனி சொல்லப்போகிறவர் ஓர் ஆங்கிலேயர். இந்தக் கதையில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் அவர்தான்.

ஜிம்மி ஹோகன் லங்காஷயரில் நெல்சன் என்ற ஆலை நகரத்தில் 1882இல் பிறந்தவர். பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவதைவிட, தரையோடு தரையாக, காலுக்குக் கால் கொடுத்து ஆடுவதுதான் கால்பந்து என்று நம்பியவர். 1912இல் மைஸ்ல் அவரை வியன்னாவுக்கு அழைத்துவந்தார். 1914இல் போர் வெடித்ததும், எதிரி நாட்டான் என்று அதே வியன்னாவில் பிடித்துவைத்தார்கள். பின்னர் புடாபெஸ்டுக்குப் போய், போர் முடியும்வரை எம்டிகே கிளப்பின் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் முடிந்து கையில் காசில்லாமல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். போரால் பாதிக்கப்பட்ட கால்பந்துக்காரர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கால்பந்துச் சங்கத்தின் செயலாளரைப் போய்ப் பார்த்தார். அங்கே அவர் கையில் மூன்று ஜோடி காக்கிக் காலுறைகளைக் கொடுத்து, போர்முனையில் இருந்த நம் பையன்களுக்கு இவை மகிழ்ச்சியாகவே இருந்தன என்று சொல்லி அனுப்பினார்களாம். ஹோகனே பிற்காலத்தில் சொன்னது இது. பகைவன் நாட்டில் இருந்துவிட்டு வந்தவன் என்பதுதான் அதில் இருந்த குத்தல்.

அந்தக் காலுறைகளை நான் அடிக்கடி நினைத்துப்பார்க்கிறேன். முரட்டுக் கம்பளியில் பின்னிய, ராணுவ நிறக் காலுறைகள். ஒரு மனிதனுக்குத் தெரிந்த வித்தை முழுவதற்கும் அவனுடைய நாடு வைத்த விலை அது. அவர் மறுபடியும் கண்டத்துக்கே போய்விட்டார். 1932இல் லண்டன் பயணத்துக்கு ஆட்டக்காரர்களைத் தயார்ப்படுத்த மைஸ்ல் துணைக்கு அழைத்தது அவரைத்தான். இங்கிலாந்தை எதிர்த்து ஆடப்போனவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லித்தந்தவர் லங்காஷயர்க்காரர்.

இரண்டு தரப்பும் ஆடிய விதத்தில் இருந்த வேறுபாட்டையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1925இல் ஆஃப்சைடு விதி மாறியது. அதற்கு முன்பு, பந்தை வாங்குகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். அதை இருவர் ஆக்கினார்கள். கோல்கள் மழையாகக் கொட்டத் தொடங்கின. அதைத் தடுக்க, நடுக்களத்தின் நாயகனாக இருந்த சென்டர் ஹாஃபை ஆங்கிலேயர்கள் பின்னால் இழுத்துத் தடுப்புச் சுவரின் நடுக்கல்லாக்கினார்கள். வியன்னா அப்படிச் செய்யவில்லை. அவர்களுடைய சென்டர் ஹாஃப் யோசெஃப் ஸ்மிஸ்டிக் நடுக்களத்தில் தன் விருப்பம்போல் உலாவினார். பந்தை வாங்கி, திருப்பி, முன்களத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். சென்டர் ஃபார்வர்டு சிண்டெலாரோ கோலுக்கு முன்னால் காத்துக்கிடக்காமல் பின்னால் இறங்கிவந்து பந்தை வாங்கினார். தன்னைக் காவல் காக்க வேண்டியவன் கூடவே வருவதா, இடத்திலேயே நிற்பதா என்று தவிக்கும்படி செய்தார். சின்னச் சின்னப் பாஸ்களாக வலை பின்னும் இந்த ஆட்டத்துக்கு வியன்னாக்காரர்கள் 'ஷைபர்ல்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள்.

1932 டிசம்பர் 7, புதன்கிழமை. செல்சி கிளப்பின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானம். சுமார் 42,000 பேர் வந்திருந்தார்கள். மைதானங்களில் மின்விளக்கு இல்லாத காலம், இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் பிற்பகலில் ஆட்டம். நடுவர் பெல்ஜியத்தின் ஜான் லாங்கெனஸ், முதல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை நடத்தியவர். வர்ணனை செய்ய வியன்னாவிலிருந்து போயிருந்தவர் வில்லி ஷ்மீகர். அவரே முன்னாள் தேசிய ஆட்டக்காரர், பள்ளி ஆசிரியர்.

லண்டனைவிட வியன்னாவுக்கு மணி ஒன்று கூடுதல். டிசம்பரில் அங்கே நாலரைக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். நான் போனதும் குளிர்காலத்தில்தான். சதுக்கத்தில் நிற்க நிற்கக் குளிர் முதலில் பாதத்தில் ஏறுகிறது. திறந்த வெளி, காற்றை மறிக்க எதுவும் இல்லை. கம்பளிக் காலுறை இரண்டு அடுக்குப் போட்டிருந்தும் அரைமணி நேரத்தில் விரல் மரத்துவிட்டது. தொண்ணூறு நிமிடமும் இடைவேளையும் அன்று அவர்கள் இங்கே நின்றிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அன்று போக வேலையும் இருந்திருக்காது. காபிக் கடைகளிலும் வானொலியைச் சுற்றிக் கூட்டம். நாடாளுமன்றத்தின் நிதிக் குழு கூட்டத்தை நிறுத்திவிட்டு உறுப்பினர்கள் வர்ணனை கேட்டார்கள். மூன்று மாதத்தில், 1933 மார்ச்சில், அந்த நாடாளுமன்றத்தையே கூடவிடாமல் செய்துவிட்டார்கள் என்பதை நினைத்தால், அந்த ஒத்திவைப்பு எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. தாமே விரும்பி எழுந்துபோகக்கூடிய அவையாக அன்று அது இருந்தது.

ஐந்தாவது நிமிடத்திலேயே அடி விழுந்தது. பிளாக்பூல் கிளப்பின் ஜிம்மி ஹாம்ப்சன் இங்கிலாந்துக்கு முதல் கோல் அடித்தார். 27ஆவது நிமிடத்தில் மறுபடியும் அவரே. 2–0. ஆஸ்திரியாவின் கோல்கீப்பர் ருடி ஹிடன். இரண்டு ஆண்டுக்கு முன்பு லண்டனின் ஆர்சனல் கிளப் ஹிடனை விலைக்கு வாங்கத் தயாராக இருந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு வேலை அனுமதி தர பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகம் மறுத்துவிட்டது. எந்த நகரத்தில் வாழ விடவில்லையோ அதே நகரத்தில் வந்து நின்று கோல் வாங்கிக்கொண்டிருந்தார்.

சதுக்கத்தில் நின்றவர்களின் இடைவேளையை நினைத்துப்பார்க்கிறேன். ஓராண்டுக்கு முன்னால் ஸ்பெயின் வாங்கிய ஏழு கோல் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். பாதி ஆட்டத்தில் இரண்டு என்றால் முழு ஆட்டத்தில் எத்தனை என்ற கணக்கு ஒவ்வொருவர் மனதிலும் ஓடியிருக்கும். வீட்டுக்குப் போய்விட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

நின்றவர்களுக்கு 51ஆவது நிமிடம் கிடைத்தது. சிண்டெலாரும் சக முன்கள ஆட்டக்காரர் ஷாலும் சேர்ந்து வழி திறக்க, வலது ஓரத்து ஆட்டக்காரர் கார்ல் சிஷெக் முடித்தார். 2–1. அதற்குப் பிறகு கால் மணி நேரத்துக்கும் மேலாக ஆட்டம் ஆஸ்திரியர் காலில்தான் இருந்தது. பந்து தரையோடு போனது, கைமாறியது, திரும்பி வந்தது. இங்கிலாந்து ரசிகர்களே கைதட்டினார்கள். ஆனால் சமன் செய்யும் கோல் மட்டும் வரவில்லை. ஓடிப்போய் வாசலில் நின்று, கதவைத் தள்ளத் தெரியாதவர்கள் போல. இந்த அணியைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே குறை இதுதான். அழகாகக் கட்டிக்கொண்டுபோவார்கள். கடைசி உதை வர வேண்டிய இடத்தில் இன்னொரு பாஸ் கொடுப்பார்கள்.

கடைசி 13 நிமிடத்தில் நான்கு கோல்கள். 77ஆவது நிமிடம்: இங்கிலாந்தின் எரிக் ஹவுட்டன் அடித்த ஃப்ரீ கிக் ஷாலின் உடம்பில் பட்டுத் திசைமாறி ஹிடனைத் தாண்டிப் போய்விட்டது, 3–1. 80: சிண்டெலார். நடுக்களத்தில் பந்தை வாங்கி, வந்தவர்களையெல்லாம் வழுக்கிக் கடந்து, அவசரமே இல்லாமல் வலைக்குள் வைத்தார், 3–2. நடுவர் லாங்கெனஸ் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் அந்தக் கோலை மெச்சி எழுதினார். ஆயிரம் கோல்களைப் பக்கத்தில் நின்று பார்த்த மனிதருக்கு அது மனதில் நின்றிருக்கிறது. 82: சாமி க்ரூக்ஸ் தொலைவிலிருந்து உதைத்தது உள்ளே போனது, 4–2. 87: மறுபடியும் சிஷெக், 4–3.

இந்தப் பத்து நிமிடத்தைக் கண்ணால் பார்த்தவனைவிடக் காதால் கேட்டவனுக்குத்தான் நெஞ்சு அதிகம் படபடத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். பார்க்கிறவனுக்குப் பந்து எங்கே இருக்கிறது என்று தெரியும். கேட்கிறவனுக்கு ஷ்மீகரின் குரல் மட்டும்தான். ஃப்ரீ கிக் திசைமாறியதை அந்தக் குரல் எப்படிச் சொல்லியிருக்கும்? முதலில் குரல் அறுந்திருக்கும், பிறகுதான் சொல் வந்திருக்கும். கேட்டவர்களுக்கு அந்த அறுந்த இடத்திலேயே விஷயம் புரிந்திருக்கும்.

ஆட்டம் 4–3 என்றே முடிந்தது. இங்கிலாந்து வென்றது, மானம் தப்பியது. மறுநாள் ஆங்கிலப் பத்திரிகைகள் ஆஸ்திரியர்களின் ஆட்டத்தை வாயாரப் புகழ்ந்தன. வென்றவர்களைவிடத் தோற்றவர்கள் நன்றாக ஆடினார்கள் என்று லண்டனிலேயே எழுதினார்கள். நான்கு நாள் கழித்து அதே ஆஸ்திரிய அணி பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்தை 6–1 என்று வென்றது.

வெற்றி இங்கிலாந்தைக் கெடுத்துவிட்டது என்பது என் கருத்து. அன்று ஒரு கோல் கூடக்குறைய விழுந்து தோற்றிருந்தால், இந்தத் தரையோட்ட ஆட்டத்தை எங்கே கற்றார்கள் என்று கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால், நெல்சன் ஊரில் பிறந்து, மூன்று ஜோடி காலுறைகளோடு திருப்பி அனுப்பப்பட்டவரின் பெயர் வந்திருக்கும். 1936 மே மாதம் வியன்னாவில் ஆஸ்திரியா 2–1 என்று இங்கிலாந்தை வென்றபோதும் கேட்கவில்லை. வெளியூர்த் தோல்வி என்று விட்டுவிட்டார்கள். 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் ஹங்கேரி 6–3 என்று வென்று, கண்டத்து அணியொன்று இங்கிலாந்து மண்ணில் முதன்முறையாக அவர்களை வீழ்த்திய பிறகுதான் கேட்டார்கள். கால்பந்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஹோகன் கற்றுத்தந்தது என்று ஹங்கேரிக்காரர்கள் சொன்னார்கள். அன்று ஹோகன் வெம்ப்ளி அரங்கில்தான் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியிருந்த அவர், ஆஸ்டன் வில்லா கிளப்பின் சிறுவர்களை ஆட்டம் பார்க்க அழைத்துவந்திருந்தார்.

அன்று களத்தில் இருந்தவர்களுக்குப் பிற்பாடு நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. இரண்டு கோல் அடித்த ஹாம்ப்சன் இங்கிலாந்துக்காக ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டம், அடித்தது ஐந்து கோல். 1938 ஜனவரியில் நண்பர்களோடு ஃப்ளீட்வுட் கடற்கரைக்கு அப்பால் மீன்பிடிக்கப் போனார். படகு ஓர் இழுவலை மீன்பிடிக் கப்பலில் மோதியது. உடல் கிடைக்கவே இல்லை. மைஸ்ல் 1937 பிப்ரவரியில் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஹெல்டன்பிளாட்ஸ் மாடத்திலிருந்து வந்த அறிவிப்பை அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சிண்டெலார் கேட்டார். இணைப்புக்குப் பிறகு, 1938 ஏப்ரல் 3 அன்று, வியன்னாவின் பிராட்டர் அரங்கில் ஜெர்மனிக்கும் இல்லாமல்போன ஆஸ்திரியாவுக்கும் ஓர் ஆட்டம் ஏற்பாடானது. அதையும் நட்பு ஆட்டம் என்றுதான் சொன்னார்கள். ஒரு வாரத்தில் இணைப்புக்கான வாக்கெடுப்பு இருந்தது. ஆஸ்திரியர் 2–0 என்று வென்றார்கள், ஒரு கோல் சிண்டெலாருடையது. அதற்குப் பிறகு ஜெர்மனி அணிக்கு ஆட அழைத்தும் அவர் போகவில்லை. வயதையும் காலையும் காரணம் சொன்னார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் அவரைக் குறையில்லாத வீரனாக எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அதே 1938இல் ஃபாவொரிட்டனில் ஒரு காஃபி ஹவுஸை அவர் வாங்கினார். யூதர் ஒருவருடைய கடை அது. யூதர்களின் சொத்தைப் பறித்து மற்றவர்களுக்குக் கைமாற்றிய ஏற்பாட்டின் கீழ் அது அவர் கைக்கு வந்தது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. தன்னை வளர்த்த மைஸ்ல் யூதர், தன் கிளப்பின் தலைவர் யூதர். காகிதம்போல் எல்லா இடியிலிருந்தும் விலகத் தெரிந்தவருக்கு இதிலிருந்து விலகத் தெரியவில்லை. அவருடைய 80ஆவது நிமிடக் கோலை நான் இன்னும் நேசிக்கிறேன். கடையை இழந்த மனிதரை மறந்துவிட்டு நேசிக்க மட்டும் என்னால் முடியவில்லை.

1939 ஜனவரி 23 அன்று, நகரின் நடுவே அன்னகாஸ்ஸே தெருவில் இருக்கும் குடியிருப்பொன்றில், தோழி கமில்லா கஸ்டாக்னோலாவோடு கார்பன் மோனாக்சைடு நச்சுப் புகையில் சிண்டெலார் இறந்தார். வயது 35. விபத்தா, தற்கொலையா, கொலையா என்று ஊர் இன்றும் பேசுகிறது. அந்தத் தெருவிலும் நடந்துபார்த்தேன். குறுகலான, அமைதியான தெரு. எந்த வீடு என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

மறுபடியும் சதுக்கத்துக்கு வந்தபோது விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். சிலைக் குதிரையின் அடிவயிறு மட்டும் வெளிச்சத்தில் தெரிந்தது. அப்பாவைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். ஊரில் இரவு ஒன்பதைத் தாண்டியிருந்தது. எங்கே நிற்கிறேன் என்று சொல்லி, ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். அவர் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. ஹாம்ப்சனுக்கு மட்டும் 'ம்' என்றார், ஷாலின் உடம்பில் பட்டுத் திசைமாறிய பந்துக்கு 'அடடா' என்றார்.

"கடைசியில் நாலுக்கு மூன்று, அப்பா. தோற்றுவிட்டார்கள்."

"அந்த மூன்றாவது கோல் எத்தனையாவது நிமிடம்?"

"எண்பத்தேழு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. மூச்சைப் பிடித்து விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்படியென்றால் இன்னும் மூன்று நிமிடம் இருந்திருக்கிறதே" என்றார்.